பின்வீட்டுக்குச் சொல்லாத சேதி

கொரோனாவுக்காகப் பள்ளிகளைப் பூட்டிய 2020ஆம் வருடம் அது. திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். முன்பக்கம் எங்கள் வீடு, பின்பக்கம் இன்னொரு வீடு. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், துணி காயப்போட ஒரு கொடி. என் மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். பின்வீட்டில் இருந்த முஸ்லிம் குடும்பத்தின் மகளும் அதே பள்ளி, அதே வகுப்பு. இரண்டு பேரும் வகுப்பறையைக் கண்ணால் பார்க்காமலே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எட். முடித்தவள். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எங்கள் வீட்டு ஹால் பிள்ளைகளால் நிறைந்துவிடும். கீரை விற்கிறவர் முதல் காம்பவுண்டு ஓனர் வரை எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை உண்டு. கொரோனா வந்ததும் டியூஷன் நின்றது. போகட்டும், ஊரார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தைச் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான் பட்டேன்.

பின்வீட்டுக்காரர் ஒரு பிரியாணிக் கடையில் சமையல் மாஸ்டர். பார்சல் ஆர்டர் எல்லாம் போனில் வந்ததால், வீட்டில் இருந்த ஒரே பெரிய போன் காலையிலேயே அவரோடு கடைக்குப் போய்விடும். கடை எண் என்பதால் அதை வகுப்புக் குரூப்பிலும் சேர்க்கவில்லை. பள்ளியில் வகுப்பு மிஸ் பாடம், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார். பின்வீட்டம்மா ஒரு நாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஸ்கூல்ல என்ன சொல்றாகன்னு எனக்கும் செத்த சொல்லிப்புடுங்க. எங்கிட்ட இருக்கறது பட்டன் போனுதான்."

"அதுக்கென்னம்மா, தெனமும் காலைல வா. படிச்சுச் சொல்றேன்" என்றேன், பெரிய மனசோடு.

அன்று முதல் தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். மிஸ் அனுப்பியதை நான் வாசிப்பேன், எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் காட்டுவேன். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். எல்லாம் மனசில்தான். வெறுங்கையோடும் வரமாட்டார். ஒரு நாள் தால்ச்சா, ஒரு நாள் முட்டைக் குழம்பு. "வெஞ்சனத்துக்கு வச்சுக்கங்க" என்று கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் பிள்ளை புத்தகம் வாசிப்பதை வீடியோ எடுத்து வகுப்புக் குரூப்பில் போட வேண்டும். மிஸ் அதற்கு ஸ்டார் போடுவார், மற்ற அம்மாக்கள் கை தட்டும் பொம்மை போடுவார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைப்பேன். என் மகன் புத்தகத்தைப் பார்க்காமல் என் உதட்டைப் பார்த்து ஒப்பிப்பான். ஒரு வீடியோவுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுப்பேன். ஒரு வார்த்தை தவறினாலும் தொடையில் ஒரு கிள்ளு. ஸ்டார் வரும். எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஒரு மத்தியானம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்வீட்டிலிருந்து அந்தப் பாப்பா வாசிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, செத்த நேரம் நின்று, பிறகு முழு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னது. அது நான் இன்னும் என் மகனுக்கு ஆரம்பிக்காத பாடம். கை ஈரத்தோடு எட்டிப் பார்த்தேன். அம்மாவும் மகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா கையில் ஒரு ஈர்க்குச்சி. எழுத்துக்கு எழுத்து அதைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"நீயாம்மா சொல்லிக் குடுக்குற?" என்று கேட்டேன்.

"நான் எங்க டீச்சர் சொல்லிக் குடுக்க? நானே மூணாங்கிளாசோட நின்னவ. பாதி எழுத்து மறந்து போச்சு. ரெண்டு பேருமா சேந்து கூட்டுறோம்" என்று சிரித்தார். "சின்னதுல ஓதப் போன எடத்துல எங்களுக்கு இப்பிடித்தான் குச்சி வச்சுப் பழக்குனாக. ஒரு வரி சரியா வந்தாத்தான் அடுத்த வரி. வரி நடுவுல மட்டும் நிறுத்தக் கூடாது. அங்க உஸ்தாது அடிப்பாக, நான் அடிக்கறதில்ல. எனக்கே தப்பு வருதே, நான் யாரப் போயி அடிக்க?"

நானும் சிரித்து வைத்தேன். உடனே வீட்டுக்குள் வந்து என் மகனை உட்கார வைத்துப் புத்தகத்தைத் திறந்தேன். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "படி" என்றேன். கடகடவென்று ஒரு தப்பில்லாமல் சொன்னான். ஆனால் அவன் சொன்னது அடுத்த பக்கத்துப் பாடம். ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், என் உதட்டை நிமிர்ந்து பார்த்தான். மூன்று மாதமாக என் பிள்ளை ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை, மனப்பாடம்தான் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகில் ஒன்று வைத்தேன்.

அவன் அழுதுகொண்டே, "இப்பத்தான் வீடியோ எடுக்கலயேம்மா. பெறகு எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டான்.

புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று என் கணவரிடம் சொல்லிப் புலம்பினேன். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று கிண்டலடித்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் என் கோபம் அவர்மேல் இல்லை. எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது என்பார்களே, அதை அந்த நாட்களில்தான் உடம்பில் உணர்ந்தேன். நான் பி.எட்., அவர் மூன்றாம் வகுப்பு. என் வீட்டில் கலர் சார்ட், எழுத்து அட்டை, போனில் பாட்டு. அவர் வீட்டில் விளக்குமாற்றில் உருவிய ஒரு குச்சி. பொதுச்சுவர் வழியாகப் பாப்பாவின் குரல் வரும்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தப்பாக வாசித்துவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. என் வீட்டில் பாடம் என்றாலே அழுகைதான்.

பாப்பாவின் வீடியோவையும் என் போனில்தான் எடுத்து அனுப்புவேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காததால் அந்த வாரமும் எடுத்தேன். ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு பாப்பா ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். குரூப்பே அல்லோலகல்லோலப்பட்டது. ஸ்டார், கை தட்டல், பூங்கொத்து. என் மகன் வீடியோவுக்கு ஒரே ஒரு கட்டைவிரல். கொஞ்ச நேரத்தில் மிஸ் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பதால்தான் அந்தப் பாப்பா இவ்வளவு நன்றாக வந்திருக்கிறாள், அதே மாதிரி தம்பிக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்று.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'நன்றி மிஸ்' என்று கும்பிடும் பொம்மையைப் போட்டுவிட்டு, சமையல்கட்டில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பின்வீட்டம்மா வந்தபோது, "இன்னைக்கு ஒண்ணும் வரலம்மா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். வாட்ஸ்அப்பில் அன்று இரண்டு பக்கம் பாடம் வந்திருந்தது. ஒரு நாள்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு வாரம் ஆனது, வாரம் மாதம் ஆனது. 'பாப்பா வீடியோ ஏன் வரவில்லை' என்று மிஸ் கேட்டபோது, 'தெரியலை மிஸ், சொல்லிப் பார்க்கிறேன்' என்று போட்டேன்.

பின்வீட்டம்மா ஒரு நாள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "இம்புட்டு நாளா மிஸ்ஸு ஒண்ணும் அனுப்பலயே டீச்சர். அவுகளுக்கு ஒடம்புக்கு எதுவும் முடியலயோ? காலம் கெட்டுக் கெடக்கு. நான் தொழுகைல அவுகளுக்காகத் துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மிஸ் கல்லுக்குண்டாட்டம் இருந்தார். நான் அந்தக் கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்தேன். அந்தத் தால்ச்சாவை அன்று சாப்பிடவும் செய்தேன். அதை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

இதற்கிடையில் என் மகன் பின்வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தான். நான் மத்தியானம் கண்ணயர்ந்தால் நழுவிவிடுவான். விளையாடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அதையும் "கொரோனா இருக்கு, எங்கயும் போகாத" என்று அதட்டி நிறுத்தப் பார்த்தேன். கொரோனா எனக்கு அந்த நேரத்தில் வசதியான சாக்கு. அவன் கேட்கவில்லை. அங்கே போனால் சிரித்துக்கொண்டு வந்தான். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

புது வருடம் பிறக்கும் சமயத்தில் அடுத்த பருவத்துப் புத்தகங்களைப் பள்ளிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மிஸ் செய்தி அனுப்பினார். நான் தனியாகப் போய் என் மகனுக்கு வாங்கினேன். "பாப்பா அம்மாவையும் வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்க முடியும்" என்று மிஸ் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை. புதுப் புத்தகத்தை மகனிடம் கொடுத்தால் அவன் நேராகப் பின்வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான். அதனால் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். படிக்கப் புத்தகம் இல்லாமல் இருந்தது என் பிள்ளையும்தான். அது அப்போது என் புத்திக்கு ஏறவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு கையும் மாவு. வாசலில் பின்வீட்டம்மா.

"இன்னைக்காவது எதுவும் வந்துச்சா டீச்சர்? புஸ்தகம் முழுக்க முடிஞ்சிருச்சு. மறுபடியும் மொதப் பக்கத்துல இருந்து வாசிக்கிறா. எனக்கே மனப்பாடம் ஆகிப் போச்சு."

"எங்கம்மா, ஒண்ணும் காணோமே" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலில் இருந்த போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. என் மகன் ஓடிப்போய் எடுத்தான். எடுத்தவன் என்னிடம் கொண்டுவரவில்லை. டவுசர் பையிலிருந்து ஒரு ஈர்க்குச்சித் துண்டை எடுத்தான், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், அந்தப் பாப்பா செய்வது போலவே "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு, போனில் இருந்த எழுத்தைக் குச்சியால் தொட்டு வாசிக்க ஆரம்பித்தான்.

முதலில் அவன் கூட்டியது ஒரு பெயர். அந்தப் பாப்பாவின் பெயர். பின்வீட்டம்மா வாசலில் நின்றபடியே, "அட, எம் புள்ள பேரு!" என்று சந்தோஷப்பட்டார். அவன் அடுத்த வார்த்தைக்குப் போனான். பு, து, புது. நிறுத்தி மூச்சு வாங்கினான். பு, த், த, க, ம். புத்தகம்.

என் மகன் வாசிக்கிறான்! சத்தியமாகச் சொல்கிறேன், முதல் சில நொடிகள் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. மாவுக் கையோடு அப்படியே நின்றேன். என் உதட்டைப் பார்க்காமல், யாரும் கிள்ளாமல், யாரும் வீடியோ எடுக்காமல், அவனாக வாசிக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவன் என்ன வாசிக்கிறான் என்பது மண்டையில் ஏறியது.

"குடுடா அத!" என்று பாய்ந்தேன்.

பின்வீட்டம்மா கையை நீட்டித் தடுத்தார். "விடுங்க டீச்சர். படிக்கட்டும். வரி நடுவுல நிறுத்தக் கூடாது."

என் மகன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். அவர் சொன்னதைத்தான் கேட்டான். என் பார்வை தரைக்குப் போனது. குச்சி மறுபடி நகர்ந்தது. 'பாப்பாவின் புதுப் புத்தகம் இன்னும் பள்ளியிலேயே இருக்கிறது. மூன்று முறை சொல்லிவிட்டேன். அவள் அம்மாவிடம் சொன்னீர்களா, இல்லையா? நாளைதான் கடைசி நாள்.' அவ்வளவுதான் செய்தி. ஆனால் அவன் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. 'மூன்று' என்ற இடத்தில் தடுமாறினான். பின்வீட்டம்மாவே, "கூட்டு அப்பு, மெதுவா கூட்டு" என்று எடுத்துக்கொடுத்தார். தனக்கு நான் செய்த துரோகத்தைத் தானே எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் மகன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "சரியா படிச்சேனா?" என்று கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"சரியாப் படிச்ச அப்பு" என்று அவனுக்குப் பதில் சொன்னார். குரல் அடங்கிப்போயிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து மணிக்கு" என்றேன். திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. பள்ளி வராந்தாவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராகப் பெற்றோர் நின்றார்கள். அதில் நான்கைந்து பேர் என் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள். பாப்பாவோடு வந்திருந்த பின்வீட்டம்மா கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை வாங்கினார். மிஸ் பாப்பாவிடம் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து வாசிக்கச் சொன்னார். இதுவரை பார்த்திராத பாடத்தை அவள் விரலை வைத்து வாசித்தாள். மிஸ் பூரித்துப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "எல்லாம் நம்ம டீச்சர் டிரெய்னிங்!" என்று என்னைக் கை காட்டினார்.

பின்வீட்டம்மா மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றார். நான் முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

"நான் சொல்லிக் குடுக்கல மிஸ்" என்றேன். "அவங்க அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. என் மகனுக்கும் அவங்கதான். நீங்க அனுப்புனத நான் அவங்ககிட்ட சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

மிஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். டியூஷன் அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு ஓரமாக நடந்தோம். பிள்ளைகள் இரண்டும் முன்னால் ஓடின. காம்பவுண்டு கேட்டுக்கு வந்ததும்தான் அவர் வாய் திறந்தார்.

"எம் மேல கோவம்னா எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல டீச்சர். சின்னப் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டீகளே."

"கோவம் இல்லம்மா" என்றேன். "பொறாம."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எம் மேலயா?" என்று கேட்டார். தன் பழைய புடவையையும் தேய்ந்த செருப்பையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "எங்கிட்டப் பொறாமைப்பட என்ன டீச்சர் இருக்கு?" அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு ரொம்ப நாள் எனக்கு ஒரு கிண்ணமும் வரவில்லை. நியாயம்தானே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மகனை அவர் ஒரு நாள்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அன்று மத்தியானமே அவன் புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான், அவர்களோடு பாயில் உட்கார்ந்தான். பீரோவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது நான்தான். வாசல்வரை போய்விட்டு, உள்ளே நுழைய முகம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

இரண்டு பேரும் இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கிறார்கள். அவர்கள் வேறு தெருவுக்கு மாறிப் போய்விட்டார்கள். கடைவீதியில் பார்த்தால் பின்வீட்டம்மா நின்று பேசுவார், பழையபடி 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை மார்க் வரும் நாட்களில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. அப்போதெல்லாம் நான் எனக்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன். பெற்ற பிள்ளை முதல் முதலாக ஒரு வரியைத் தானாக வாசிக்கும் நேரம் எந்தத் தாய்க்கும் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். எனக்கும் வந்தது. அவன் அந்த வரியை முடித்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.